பெருங்குழல் துப்பாக்கி: அரிது என்றால் விலை ஏறிவிடுமா?

"12 போர், டபுள் பேரல்." துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் குடும்பங்களில் இது சகஜமான பேச்சு. போர்வெல் போடுகிற ஊரில் 'போர்' என்றால் துளை என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியில் அந்த எண் தலைகீழாக ஓடும். 12 போரைவிட 10 போர் பெரிது, அதைவிட 8 பெரிது, அதையும்விட 4 பெரிது. எண் இறங்க இறங்கக் குழல் பருத்துக்கொண்டே போகும்.

கணக்கு எளிமையானதுதான். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 454 கிராமை, குழலுக்குள் கச்சிதமாக நுழைகிற உருண்டைகளாக வார்க்க வேண்டும். எத்தனை உருண்டை தேறுகிறதோ அதுவே அந்தக் குழலின் எண். பன்னிரண்டு தேறினால் 12 போர், உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். 10 போர் என்றால் 19.7, 8 போர் என்றால் 21.2. நாலே உருண்டைதான் தேறும் என்றால் ஒவ்வொன்றும் கால் பவுண்டு, 113 கிராம். குழலின் வாய் 26.7 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தை முனையில் வைத்தால் மூடி போட்டது மாதிரி உட்காரும். தோளில் வைத்துச் சுடுகிற ஒரு கருவிக்கு இந்த வாய் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 1868-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த எண்ணுக்கு எவ்வளவு விட்டம் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டது. ஆனாலும் 12 போரைவிடப் பருத்த பழைய பெருங்குழல்களை அளந்து பார்த்தால், குத்தியிருக்கும் அளவு முத்திரையும் குழலும் அடிக்கடி முரண்படும். 8 போர் தோட்டா போடுகிற துப்பாக்கியின் குழல் 7 போர் அளவில் குடையப்பட்டிருக்கும். மெல்லிய பித்தளைக் கூட்டில் தோட்டா செய்தபோது உள்ளே இடம் கூடியது. அதற்குத் தக்கபடி குழலையும் கொஞ்சம் அகலமாகக் குடைந்தார்கள். விவரம் தெரியாதவர் இதைத் தேய்மானம் என்று நினைத்துக்கொள்வார். தெரிந்தவர் அந்த நினைப்பைப் பயன்படுத்திக் குறைந்த விலைக்கு வாங்கிப் போவார்.

இவ்வளவு பெரிய குழல் எதற்கு? வீரம் காட்டவா என்றால் இல்லை. அன்றைய வெடிமருந்தின் குறைபாடுதான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கிடைத்தது கருமருந்து ஒன்றே. எவ்வளவு கொட்டினாலும் ஒரு வேகத்துக்கு மேல் ரவையை, அதாவது தோட்டாவில் நிரப்பும் சின்னச் சின்ன ஈய உருண்டைகளை, அது தள்ளாது. தூரத்து வாத்தை அடிக்க வேண்டுமானால் பெரிய ரவை வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். குறுகிய குழலில் நிறைய ரவையைத் திணித்தால் அது நீளமான தூண் மாதிரி நிற்கும். அடியில் இருக்கும் ரவைகள் நசுங்கி, வெளியே வந்ததும் கோணல்மாணலாகச் சிதறும். அழுத்தமும் ஏறும். அகலக் குழலில் அதே ரவை குட்டையான அடுக்காக நிற்கும், ஓரளவு ஒன்றாகவே போய்ச் சேரும். சாதாரண 12 போர் சுமார் 32 கிராம் ரவை வீசினால், 8 போர் 57 முதல் 70 கிராம் வரை வீசும். 4 போர் நூறு கிராமை எட்டும், அதையும் தாண்டும். பின்னுதைப்பைத் தாங்குவதற்காகத் துப்பாக்கியின் எடையும் ஏறியது. 12 போர் மூன்று கிலோ. 8 போர் இரட்டைக்குழல் ஆறு கிலோவைச் சுற்றி. 4 போர் எட்டு, ஒன்பது கிலோ. சேற்றில் முழங்கால் புதைய நின்றுகொண்டு விடியற்காலைக் குளிரில் அதைத் தூக்கி வானத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

அப்படி நின்றவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒருவர் பிரிட்டனின் கழிமுகங்களில் காட்டு வாத்தும் மற்ற நீர்ப்பறவைகளும் தேடிப் போன வேட்டைக்காரர். பர்மிங்காமில் ஜே. அண்ட் டபிள்யூ. டோலி, லண்டனில் தாமஸ் பிளாண்ட் போன்ற கடைகள் இவர்களுக்காகவே பெருங்குழல் செய்து பெயர் வாங்கின. இன்னொருவர் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சந்தைக்காகச் சுட்டவர். அங்கே கேன்வாஸ்பேக் என்றொரு வாத்து. விரிகுடாவின் வடகோடியில் சஸ்குவெஹானா ஆறு வந்து சேருமிடத்து நீர்ப்புல்லைத் தின்று கொழுத்தது. பால்டிமோர், நியூயார்க் ஓட்டல்களில் அதற்கு ஏக கிராக்கி. இவருக்குத் துப்பாக்கி என்பது மீனவருக்கு வலை மாதிரி. ஒரு தடவை சுட்டால் எத்தனை விழும் என்பதே கணக்கு. அழகாகச் சுட்டோமா என்பது கணக்கில் இல்லை.

இந்தக் கணக்கின் உச்சம்தான் படகுத் துப்பாக்கி. தட்டையான சின்னப் படகின் முன்பக்கத்தில், ஆள் நீளத்தைத் தாண்டிய ஒற்றைக் குழல். சுடுகிறவர் குப்புறப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் துடுப்புப் போட்டுப் பறவைக் கூட்டத்தை நெருங்குவார். உதைப்பைத் தோள் வாங்காது. தடிமனான கயிறு வாங்கிப் படகுக்குக் கொடுக்கும், படகு பின்னுக்கு நகரும். ஒரே வெடியில் ஒரு பவுண்டு ரவை போகும். தனியாகக் குறி என்று எதுவும் கிடையாது, படகு திரும்பும் திசைதான் குறி. இங்கிலாந்தில் கர்னல் பீட்டர் ஹாக்கர் (1786–1853) இதில் இரட்டைக்குழலே செய்து வைத்திருந்தார். ஒரு குழலுக்குப் பழைய சக்கிமுக்கிக் கல், மற்றொன்றுக்கு அடித்ததும் வெடிக்கும் கேப்பு. கல் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகும் அல்லவா? இரண்டையும் சேர்த்து இழுத்தாலும் முதல் வெடிக்குப் பறவைகள் எழும்பும் நேரத்தில் இரண்டாவது போய்ச் சேரும். புத்திசாலித்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பறவை தவிர யானைக்கும் பெருங்குழல் போனது. அங்கே ரவைக்குப் பதில் ஒற்றைக் குண்டு. இந்த இடத்தில் கதை நம் பக்கத்துத் தீவுக்கு வருகிறது. 1840-களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கரின் கையில், பிரிஸ்டலைச் சேர்ந்த கிப்ஸ் செய்த 21 பவுண்டு எடையுள்ள ஒற்றைக்குழல் இருந்தது. பின்னாளில் நைல் பக்கம் போனபோது அரை பவுண்டு குண்டு போடும் இன்னொன்றைக் கொண்டுபோனார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பேபி'. கூட வந்த அரபு ஆட்கள் அதைப் பீரங்கியின் குழந்தை என்றார்களாம். சுட்டால் தன்னையே சுழற்றிவிடும் அந்தத் துப்பாக்கிக்குத் தானே பயந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அதே தீவில் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு, 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறையையும் இடி சும்மா விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. யானைகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பேச்சில் ஒரு திருப்தி தொனிப்பது தெரியும்.

ஆப்பிரிக்காவுக்குப் போன பிரெடரிக் செலூஸ், பர்மிங்காம் ஐசக் ஹோலிஸ் செய்த முனை வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் 4 போர் துப்பாக்கிகளை ஒன்று ஆறு பவுண்டு கொடுத்து வாங்கினார். சரக்கு மலிவு, எடையும் குறைவு. அதனால் உதைப்பு தாங்க முடியாதது. அந்த உதைப்பே தன் குறியைப் பிற்காலத்தில் கெடுத்துவிட்டது என்று அவர் நொந்துகொண்டார். 1872 முதல் 1874 வரை மூன்று பருவங்களில் 78 யானைகளைச் சுட்டது அதே மலிவுச் சரக்கால்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைய ஏலப் பட்டியலில் ஜொலிக்கும் பெருங்குழல்களின் உறவுக்கூட்டம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கூலிக்காரக் கருவிகள். கஞ்சிக்காக உழைத்தவை. உப்புத் தண்ணீர், கருமருந்தின் அரிக்கும் கரி, எண்ணெய் காணாத கொட்டகை என்று இருபது முப்பது வருஷம் ஓடித் தேய்ந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போயின. இன்று கண்ணாடி மாதிரி மின்னும் 8 போர் ஒன்று சந்தைக்கு வருகிறதென்றால், முதல் சொந்தக்காரர் ஆசைக்கு வாங்கி நாலு தடவை சுட்டு, தோள் வலித்து உள்ளே வைத்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம். உழைத்தது போய்விட்டது, சும்மா இருந்தது மிஞ்சியது.

இவற்றின் காலம் முடிந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 1860-கள், 70-களில் குழலின் முனையைச் சற்றே குறுக்கி ரவையைச் சிதறாமல் போகச் செய்யும் 'சோக்' முறை வந்தது. 12 போரே முன்பைவிட நெடுந்தூரம் எட்டத் தொடங்கியது. அடுத்து புகையில்லா மருந்து. பிறகு நீளமான தோட்டா. 1932-இல் இதாக்கா நிறுவனம் மூன்றரை அங்குலத் தோட்டா போடும் 10 போர் துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது, பழைய 8 போர் செய்த வேலையில் பெரும்பங்கை அதுவே செய்தது. ஆனால் கடைசி அடி சட்டத்தினுடையது. அமெரிக்காவில் புறாக்கள் வானத்தை மறைத்த காலம் போய், பயணப் புறாவின் கடைசி உயிர் மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் இறந்தது. அந்த அதிர்ச்சி எல்லாம் சேர்ந்த காலத்தில் 1918-இல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. காட்டுப் பறவையைச் சந்தையில் விற்பது நின்றது. வலசைப் பறவைகளை 10 போருக்கு மேற்பட்ட குழலால் சுடக் கூடாது என்பது அங்கே இன்றும் விதி. செசபீக்கின் படகுத் துப்பாக்கிகள் சதுப்பில் ஒளிந்தன. அதிகாரிகள் தேடிப் பறிமுதல் செய்தார்கள். மேரிலாந்தில் நார்த் ஈஸ்ட் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் அந்த ரகத் துப்பாக்கிகளை இன்றும் பார்க்கலாம்.

சட்டம் ஒரு கருவியின் வேலையைப் பிடுங்கிக்கொண்டால் அதன் விலை என்ன ஆகும்? பழம்பொருள் சேகரிப்பில் பழக்கமான பதில்: குறைவாக இருப்பது விலை ஏறும். பெருங்குழலில் இந்தச் சூத்திரம் பாதிதான் வேலை செய்கிறது.

கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் இருந்த பார்க்கர் பிரதர்ஸ் நல்ல உதாரணம். 1860-களின் கடைசியில் தொடங்கி 1940-களின் தொடக்கம் வரை சுமார் 2,42,000 துப்பாக்கி செய்தார்கள். அதில் 8 போர் மிகச் சொற்பம். மறுமுனையில் 28 போர், நாலு பத்து எனப்படும் சுண்டுவிரல் குழல்களும் குறைவு. இரண்டு பக்கமும் அரிதுதான். ஆனால் சந்தையில் ஓடுகிற ஓட்டம் சிறிய குழலின் பின்னால். அதே தரம், அதே வேலைப்பாடு என்றாலும் 28 போருக்கு 12 போரைப்போலப் பல மடங்கு கேட்பார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கும். காரணம், அதை எடுத்துக்கொண்டு நாளைக்குக் காலையிலேயே காடைக்குப் போகலாம். தோள் வலிக்காது, தோட்டா கடையில் கிடைக்கும், சட்டமும் தடுக்காது. 8 போரை எடுத்துக்கொண்டு எங்கே போவது? வாத்துக்குப் போக முடியாது. சுவரில் மாட்டலாம். ஆகவே 8 போர் பார்க்கருக்குப் பெரிய விலை கொடுப்பவர், ஏற்கெனவே மற்ற எல்லா அளவையும் வாங்கி முடித்து, வரிசையில் ஒரு பல் காலியாக இருக்கிறதே என்று வருந்துகிற ஆள். அப்படிப்பட்டவர் இரண்டு பேர் ஒரே ஏலத்தில் மோதினால் விலை எங்கோ போகும். ஒருவர் மட்டும் வந்தால் அடிமட்ட விலைக்கே முடியும். பெருங்குழல் ஏலங்கள் ஏன் இப்படிக் குதிக்கின்றன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அங்கே சந்தை என்பதே இரண்டு மூன்று பேர்.

10 போரின் கதை இன்னும் சோகம். அது அரிதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கும் வண்டிக் காவலுக்கும் அதுதான் நடப்பு அளவு. ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அதன் பழைய குட்டைத் தோட்டா இன்று சாதாரணக் கடையில் கிடைக்காது. மூன்றரை அங்குல நவீனத் தோட்டா அதில் நுழையாது, நுழைய வைத்தால் ஆபத்து. எனவே பெரியது, பழையது, கம்பீரமானது என எல்லாம் இருந்தும் பல 10 போர்கள் அதே கடையின் 12 போரைவிட மலிவு. விதிவிலக்கு வின்செஸ்டர் 1887. ஜான் பிரவுனிங் வடிவமைத்த, கீழே இருக்கும் வளையத்தை ஆட்டினால் அடுத்த தோட்டா ஏறுகிற ரகம். 1901 வரை 64,000-க்கும் மேல் செய்தார்கள். பிறகு வந்த 1901 மாடல் 10 போரில் மட்டுமே வந்தது. எண்ணிக்கையில் இது அரிதல்ல. ஆனாலும் அந்த விநோத உருவத்துக்காகவும் சினிமா கௌபாய் மோகத்துக்காகவும் விலை தளராமல் நிற்கிறது.

பிரிட்டனில் கணக்கு வேறு. அங்கே பெருங்குழலுக்குச் சட்டமே ஒரு சலுகை கொடுத்து வைத்திருக்கிறது. வழக்கொழிந்த தோட்டாக்கள் என்று உள்துறை ஒரு பட்டியல் பராமரிக்கிறது. அதில் 8 போர், 4 போர், 2 போர், பழைய குட்டை 10 போர் எல்லாம் உண்டு. 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டு, அந்தப் பட்டியலில் உள்ள தோட்டாவுக்கான துப்பாக்கியை, வெறும் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. சுடப் போகிறேன் என்று நினைத்த மாத்திரத்தில் உரிமம் வேண்டும். இந்த விதிகள் 2021-இல் எழுத்தில் இறுகின. விளைவைப் பாருங்கள்: 12 போர் வாங்க காவல்துறையிடம் போக வேண்டும், அதைவிட இரண்டு மடங்கு ரவை வீசும் 8 போரை அலமாரி மாதிரி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வழக்கொழிந்தது என்ற ஒரு சொல், வாங்குபவர் கூட்டத்தைப் பெருக்கி விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. அதோடு அங்கே 8 போரால் வாத்து சுடுவது இன்றும் குற்றமில்லை. படகுத் துப்பாக்கிக்கும் வாய் 1.75 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்புதான், 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி. ஆகவே அங்கே இரண்டு வகை வாடிக்கையாளர்கள்: மாட்டுபவர், சுடுபவர். சுடுபவருக்கு 1999-இலிருந்து இங்கிலாந்தில் ஒரு தலைவலி சேர்ந்துகொண்டது. நீர்ப்பறவைக்கு ஈய ரவை கூடாது. எஃகு ரவை பழைய குழலைக் கீறிவிடும். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை போட வேண்டும். 8 போருக்கு ஒரு வெடிக்கு அறுபது கிராம் பிஸ்மத் என்றால் வாத்தை ஓட்டலில் சாப்பிடுவது மலிவு.

அமெரிக்காவில் இதற்கு ஈடான கோடு 1898. அந்த ஆண்டு முடிய செய்யப்பட்டவை கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் பழம்பொருள். ஒரே மாடல், ஒரே குழல், வரிசை எண்ணில் கொஞ்சம் வித்தியாசம். ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம். விற்கும்போது கோட்டுக்கு முந்தியது சுலபமாக மாநிலம் தாண்டும். வரிசை எண் தேதிப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் வியாபாரிகள் உண்டு.

சரி, ஒன்று கண்ணில் பட்டுவிட்டது, விலை எப்படிப் போடுவது? முதலில் குழலை அளக்க வேண்டும், அழகை அப்புறம் பார்க்கலாம். பழைய பெருங்குழல்களில் பல, இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கிச் சுற்றிச் செய்த டமாஸ்கஸ் குழல்கள். மேலே ஓடும் அலையலையான கோலம் அந்த முறுக்கின் தடம். அழகுதான், ஆனால் பற்றவைத்த இடங்களில் உள்ளே துரு ஒளிந்திருக்கலாம். நூறாண்டில் யாராவது உட்புறக் குழிகளைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் சுவர் மெலிந்திருக்கும். பிரிட்டிஷ் ஏலப் பட்டியல்களில் குழலின் மிக மெல்லிய இடத்தின் தடிமனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று போடுவது வழக்கம். செதுக்குவேலை பற்றிய நாலு வரி வருணனையைவிட அந்த ஒரு எண்தான் விலையைச் சொல்லும். அடுத்து முத்திரை. லண்டனிலும் பர்மிங்காமிலும் இருக்கும் சோதனைச் சாலைகள், வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்தில் சுட்டுப் பார்த்துத் தாங்கினால்தான் முத்திரை குத்தும். பர்மிங்காம் சாலை 1813 முதல் நடக்கிறது. முத்திரை கருமருந்துக்கா, புகையில்லா மருந்துக்கா என்பது ஒரு விஷயம். முத்திரைக்குப் பிறகு குழல் தேய்ந்து அளவு மாறியிருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய விஷயம். மாறியிருந்தால் முத்திரை செல்லாது. சுடுவதற்கான துப்பாக்கி என்று அதை அங்கே விற்க முடியாது. பழைய அடிப்பகுதியில் புதுக் குழலைச் செருகிய ஒட்டுவேலையும் உண்டு. சுடுபவருக்கு அது வரம், சேகரிப்பவருக்கு அது கல்யாண வீட்டில் இரவல் நகை.

தாத்தா வைத்துவிட்டுப்போன பெரிய துப்பாக்கி என்று வருகிறவற்றில் ஏமாற்றம் தருவது பெரும்பாலும் பெல்ஜியம் சரக்கு. லியேஜ் நகரம் அன்று உலகத்துக்கே மலிவு விலையில் துப்பாக்கி வார்த்துக் கொடுத்தது. மேலே இங்கிலீஷ் வாடை அடிக்கும் பெயர் பொறிப்பார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பெரிய பெயரை நினைவூட்டுகிற மாதிரி வெறும் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று இருக்கும். குழலைக் கழற்றி அடியில் பார்த்தால் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ எல் ஜி என்ற மூன்றெழுத்து. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரையை விரலால் இழுத்து நிமிர்த்துகிற அந்த 10 போர் இரட்டைக்குழலுக்குச் சில நூறு டாலர் கிடைத்தால் பெரிது. எதிர்முனையில், நல்ல பெயருள்ள பிரிட்டிஷ் 8 போர் இரட்டைக்குழல் சில ஆயிரம் பவுண்டுகளில் ஓடும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரிக் கடைகள் யானைக்குச் செய்த 4 போர் இரட்டைக்குழல்கள் பல்லாயிரம் பவுண்டுகளுக்குத் தாவும். கர்னல் ஃபாஸ்பெரி 1885-இல் காப்புரிமை வாங்கிய பாரடாக்ஸ் முறைக்குத் தனி மரியாதை உண்டு. குழலின் கடைசிச் சில அங்குலத்தில் மட்டும் குண்டைச் சுழலவைக்கும் மரை. அதனால் ரவையும் போடலாம், குண்டும் போடலாம். காலையில் மயில், மாலையில் புலி என்று இருந்த இந்திய வேட்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதில் 8 போர் கிடைப்பது அபூர்வம். அபூர்வமும் பெயரும் பயனும் ஒன்றாகக் கூடிவருகிற இடம் என்பதால் விலையில் இறங்கி வரவே வராது.

கடைசியாக, காகிதம். நல்ல கடைகள் பேரேடு வைத்திருந்தன: எந்த எண், என்ன அளவு, யார் ஆர்டர் கொடுத்தது. பார்க்கர் பதிவேடுகளிலிருந்து அந்தச் சேகரிப்பாளர் சங்கமே விவரக் கடிதம் கொடுக்கிறது. பழைய வின்செஸ்டர்களுக்கு வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகர அருங்காட்சியகம். இந்தக் கடிதம் இல்லாமல் சொல்லப்படும் கதைக்கு விலை கிடையாது. குறிப்பாக அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ நிறுவன வண்டிக் காவலர் துப்பாக்கி என்று முத்திரை போட்ட குட்டை 10 போர்கள். போலி முத்திரைகள் அவ்வளவு மலிந்துவிட்டதால், உண்மையானதைக் காட்டினாலும் முதலில் சந்தேகப்படுவார்கள். கதை உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஓர் அளவுகோல்: அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் துப்பாக்கி ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போனது. அது பெருங்குழல் இல்லை. எல்லோரிடமும் இருக்கும் அதே 12 போர்.

இந்தியாவுக்கு வந்தால் சந்தை என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது. சரக்கு இல்லாமல் இல்லை. சமஸ்தானங்களுக்கு இங்கிலாந்தின் பெரிய கடைகள் எல்லாம் செய்து அனுப்பின. கல்கத்தா மேன்ட்டன், சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் எட்டிப் பார்க்கும். கடிகாரக் கடையாக நாம் அறிந்த அதே ஆர்தான். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழம்பொருளுக்குக் கொடுக்கும் விலக்கு மிகக் குறுகியது: பழைய பாணியோ பழம்பெருமையோ மட்டும் போதாது, பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். நல்ல நிலையில் இருப்பதுதான் சேகரிப்பாளருக்கு மதிப்பு. இங்கே நல்ல நிலையில் இருந்தாலே உரிமம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டே இடம் என்றால் எதை வைத்துக்கொள்வார்கள்? கட்கி ஆலையின் சக்திமான் தோட்டா போட்டுச் சுடக்கூடிய 12 போரை. தாத்தாவின் 8 போருக்குத் தோட்டாவும் இல்லை, இடமும் இல்லை. வெளிநாட்டில் விற்கலாம் என்றால், நூறு வயது தாண்டியது தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. லண்டனில் ஒரு கார் விலைக்குப் போகக்கூடிய பொருள், இங்கே வாரிசுகள் யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கிற பொருள்.

தோட்டா இல்லை என்று சொன்னேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. 8 போர் தோட்டாக்களை அமெரிக்காவில் இப்போதும் தொழிற்சாலையில் செய்கிறார்கள். வாங்குவது வேட்டைக்காரர் அல்ல, சிமெண்ட் ஆலை. சுழலும் சூளைக்குள் கிளிங்கர், அதாவது அரைத்துச் சிமெண்ட் ஆக்கும் கட்டி, உருகி வளையமாக ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். சூளையை நிறுத்தி ஆறவைத்தால் நாள் கணக்கில் நஷ்டம். அதனால் கனமான தாங்கியில் பொருத்திய 8 போர் துப்பாக்கியை வாசலில் நிறுத்தி, எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே சுட்டு வளையத்தை உடைக்கிறார்கள். பழைய வாத்துத் துப்பாக்கி வைத்திருக்கும் யாராவது அந்தத் தோட்டாவைப் பார்த்து ஆசைப்படாமல் இருக்க மாட்டார். அதை டமாஸ்கஸ் குழலில் போட்டால் குழலோடு கையும் போகும்.